அவெஞ்சர்ஸ் 4ஆம் இதழ் (1964): முதல் பிரதி வாங்குவோருக்கு

அட்டையில் 1964 மார்ச் என்று தேதியிட்டு, 12 சென்ட் விலையில், அந்த ஆண்டு ஜனவரியிலேயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது மார்வெல் நிறுவனத்தின் 'தி அவெஞ்சர்ஸ்' காமிக்ஸின் நான்காம் இதழ். எழுத்து ஸ்டான் லீ, பென்சில் ஓவியம் ஜாக் கிர்பி, அதன்மேல் மை தீட்டியவர் ஜார்ஜ் ரூசோஸ். கதை 23 பக்கம். பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த கேப்டன் அமெரிக்கா கண்விழித்து அவெஞ்சர்ஸ் குழுவில் சேர்வது இந்த இதழில்தான். மார்வெலின் குழு இதழ்களில் சேகரிப்பாளர்கள் விடாமல் தேடுகிற பிரதிகளில் இது ஒன்று.

வாங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இது கேப்டன் அமெரிக்காவின் முதல் தோற்றம் அல்ல. அவர் முதலில் வந்தது 1941 மார்ச் தேதியிட்ட 'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்' முதல் இதழில். 1954இல் அவருடைய இதழ் நின்றுபோனது. 1963இல் 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 114ஆம் இதழில் கேப்டன் வேடமிட்ட ஒரு போலியை உலவவிட்டு, வாசகர்கள் அவரைக் கேட்கிறார்களா என்று பார்த்தார்கள். கேட்டார்கள். அதன் விளைவுதான் இந்த நான்காம் இதழ். ஆகவே 'சில்வர் ஏஜில் கேப்டனின் முதல் வருகை' என்று விற்பவர் சொன்னால் சரி ('சில்வர் ஏஜ்' என்பது 1950களின் பிற்பகுதி முதல் ஏறக்குறைய 1970 வரையான காமிக்ஸ் காலம்). வெறுமனே 'முதல் தோற்றம்' என்று எழுதியிருந்தால், மற்ற விவரங்களையும் அவர் அதே அலட்சியத்தோடுதான் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு கூடுதலாகச் சோதியுங்கள்.

இதே கதையில் அவெஞ்சர்ஸைக் கல்லாக்குகிற வேற்றுக்கிரகவாசி ஒருவர் வருகிறார். 1980இல் 'எக்ஸ்-மென்' 135ஆம் இதழில், அந்தக் குழுவின் நாயகி கட்டுமீறி எடுக்கும் வடிவமான டார்க் ஃபீனிக்ஸ் அழிப்பது இவருடைய இனத்தின் உலகத்தைத்தான். அந்தக் கதையைச் சேர்த்துவைத்திருப்பவர்களுக்கு இந்த இதழைத் தேட இன்னொரு காரணம் அது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

எந்தக் கிரேடு உங்களுக்குப் போதும்? கிரேடு என்பது 0.5 முதல் 10.0 வரை போகும் நிலை மதிப்பெண். 9.4 என்றால் ஏறக்குறையப் புதியது, 8.0 மிக நன்று, 6.0 நன்று, 4.0 நன்றாகப் படித்துப் புழங்கிய பிரதி; 2.0 கசங்கிக் களைத்தது, 0.5 பெரும்பாலும் ஏதோ ஒரு துண்டோ தாளோ இல்லாதது. மேலே போகப்போக விலை படிப்படியாக ஏறாது, தாவும். 9.2க்கும் 9.4க்கும் கண்ணால் பார்க்கிற வேறுபாடு ஒரு நூலிழை. பணத்தில் அது மலையளவு.

முதல் பிரதிக்கு 3.0 முதல் 5.0 வரை உள்ள, பழுதுபார்க்கப்படாத, ஒரு தாளும் குறையாத பிரதியைத் தேடுங்கள். அட்டை பார்க்க அழகாக இருக்கும், கதையை ஓரிரு முறை கவனமாகப் புரட்டவும் முடியும், பிறகு விற்க நேர்ந்தாலும் கேட்பார் இருப்பார்கள். கீறலே இல்லாத அட்டையோடு குறைந்த விலைக்கு வரும் பிரதியைவிட, முனை மழுங்கி, முதுகில் (இதழ் மடிந்திருக்கும் இடது ஓரத்தில்) மடிப்புக் கோடு விழுந்து, ஆனால் யாரும் கைவைக்காத பிரதி எப்போதும் மேல். கீழே வரும் சோதனைகளில் பாதி, அந்தப் 'பளபளப்பு மலிவு' பிரதிகளை இனம் காண்பதற்குத்தான்.

மறுபதிப்பைப் பிரித்தறிதல்

இந்த இதழில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது 1966ஆம் ஆண்டு 'கோல்டன் ரெக்கார்டு' மறுபதிப்பில். கதையை நாடகமாக ஒலிப்பதிவு செய்த இசைத்தட்டோடு சேர்த்து விற்ற பிரதி அது. அதுவும் அறுபது ஆண்டுப் பழசு. தாளும் அதே பழுப்பு. அட்டைப்படமும் அதே கிர்பி படம். வேறுபாடு இடது மேல் மூலையில் இருக்கிறது. அசல் பிரதியின் மூலைப் பெட்டியில் 12 சென்ட் விலை அச்சாகியிருக்கும். கோல்டன் ரெக்கார்டு பிரதியின் அட்டையில் விலையே இருக்காது. விற்பவர் போடும் படத்தில் அந்த மூலை விரலாலோ ஸ்டிக்கராலோ மறைந்திருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் தனிப்படம் கேளுங்கள். மறுபதிப்புக்கும் தனி மதிப்பு உண்டு. அசலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1969இன் 'அவெஞ்சர்ஸ்' மூன்றாம் ஆண்டு மலரும் இந்தக் கதையை மறுபடி வெளியிட்டது. அட்டையே வேறு என்பதால் ஏமாற வழியில்லை. ஆனால் அட்டை கிழிந்துபோன நிலையில் 'அவெஞ்சர்ஸ் 4, அட்டை இல்லை' என்று யாராவது விற்றால், அது மலரிலிருந்து பிரித்த தாள்களாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். 1990களில் வந்த 'மார்வெல் மைல்ஸ்டோன்' மறுபதிப்பில் அட்டைப்படத்தைச் சுற்றி வெள்ளி நிறச் சட்டம் இருக்கும். உள்ளே தாள் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பிரிட்டனுக்கு அனுப்பிய பிரதிகளில் அந்தக் காலத்து மார்வெல் சென்டுக்குப் பதில் 9 பென்ஸ் என்று அச்சடித்தது. அவை மறுபதிப்பு அல்ல. அதே அச்சகத்தில், அதே ஓட்டத்தில் விலையை மட்டும் மாற்றி அச்சானவை. அமெரிக்க வாங்குவோர் சென்ட் பிரதியையே விரும்புவதால் பென்ஸ் பிரதி வழக்கமாகச் சற்று மலிவாகக் கிடைக்கும். கையில் பணம் குறைவு என்றால் இதை யோசிக்கலாம்.

பிரதியைச் சோதிக்கும் முறை

நேரில் பார்த்தாலும் இணையத்தில் வாங்கினாலும் வரிசை ஒன்றுதான். இணையத்தில் என்றால் எட்டுப் படங்களைக் கேளுங்கள்: முன் அட்டை, பின் அட்டை, முன் அட்டையின் உட்புறம், முதல் பக்கம், இரண்டு பின்னும் (தாள்களைச் சேர்த்து அடித்த கம்பி) தெரியும்படி நடுத்தாள், கடைசிப் பக்கம், பின் அட்டையின் உட்புறம், ஒளியைச் சாய்வாகப் பிடித்து எடுத்த முதுகு. இவற்றை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

1. தாள்களை எண்ணுங்கள். அட்டையைத் தவிர்த்து உள்ளே எட்டுப் பெரிய தாள்கள் நடுவில் மடிக்கப்பட்டு 16 இலைகளாக, 32 பக்கங்களாக இருக்க வேண்டும். இதழை மேசைமேல் வைத்து, புத்தகம்போல் தட்டையாக விரிக்காமல், கால்வாசி மட்டும் திறந்து ஒவ்வோர் இலையாக எண்ணுங்கள். முழுக்க விரித்தால் முதுகில் புதிய வெடிப்பு விழும். ஒரு பெரிய தாள் போனால் முன்பாதியில் ஓர் இலையும் பின்பாதியில் ஓர் இலையும் சேர்ந்தே போகும். அது விளம்பரப் பக்கமாக இருந்தால் கதை தடையில்லாமல் ஓடும், படிக்கும்போது தெரியவே தெரியாது. அதனால் கதையைப் படித்துச் சரிபார்ப்பது போதாது, எண்ணத்தான் வேண்டும்.

2. விளம்பரங்களில் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். பொம்மையும் தபால்தலையும் வரவழைக்கச் சிறுவர்கள் கத்தரித்து அனுப்பியவை அவை. கூப்பனுக்குப் பின்புறம் கதைப் பக்கமாக இருந்தால் படத்தில் ஓட்டை விழுந்திருக்கும். சிறிய துண்டுதானே என்று எண்ண வேண்டாம், மற்றபடி 5.0 தகுதியுள்ள பிரதியைக்கூட அது அடிமட்டத்துக்கு இறக்கிவிடும்.

3. பின்களைப் பாருங்கள். இரண்டு பின், மடிப்பில் அந்தந்த இடத்தில் ஒரே ஒரு ஜோடித் துளை. கூடுதல் துளை தெரிந்தால் பின்னைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். துளையைச் சுற்றித் தாளில் துருக்கறை இருக்க, பின் மட்டும் புதிதாக மின்னினாலும் அப்படியே. வேறு வேறு பிரதிகளின் அட்டையையும் உள்தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்தவை சந்தையில் நிறைய உண்டு. அதைக் காண எளிய வழி, நீர்க்கறையோ பழுப்போ தாளுக்குத் தாள் தொடர்கிறதா என்று பார்ப்பது. மூன்று இலைகளில் இருக்கும் கறை நான்காவதில் சட்டென்று நின்று ஐந்தாவதில் மறுபடி வந்தால், நான்காவது வேறு வீட்டிலிருந்து வந்தது.

4. வலது ஓரம். 1960களின் தொடக்கத்து மார்வெல் இதழ்களுக்கே உரிய ஒரு குறை இது. சேகரிப்பாளர்கள் 'மார்வெல் சிப்பிங்' என்பார்கள். அச்சகத்தில் தாளை வெட்டும் கத்தி மழுங்கியிருந்ததால், அட்டையின் வலது ஓரம் சுத்தமாக அறுபடாமல் நசுங்கிச் சிதறியது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், எலி கொறித்ததுபோல் சிறுசிறு பிறை வடிவக் குழிகள் வரிசையாகத் தெரியும்; அவற்றுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு, விரல் பட்டாலே உதிரும். இது பிறவிக்குறை. பிரதி அசல் என்பதற்கு ஒரு துணைச் சான்றாகவே இதைக் கொள்ளலாம். கிரேடில் கொஞ்சம் குறைப்பார்கள், பயப்பட வேண்டியதில்லை. துணுக்குகள் உதிராதபடி பிளாஸ்டிக் உறையில் நுழைக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

5. தாளின் நிறம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறும், அமிலம் ஊறும். வெள்ளை, வெள்ளைக்குச் சற்று மங்கல், கிரீம், பழுப்பு, நொறுங்கும் நிலை என்று தரம் பிரிப்பார்கள். கிரீம் வரை வாங்கலாம். ஓரம் கரும்பழுப்பாகி, திறந்த உடன் மேசையில் பொடி உதிர்ந்தால் வேண்டாம். முனையை மடித்துச் சோதிப்பார்கள் சிலர். மடித்தால் அந்த முனையே போய்விடும். மேசையில் விழும் பொடியும் மூக்கில் ஏறும் புளித்த வாடையும் போதும்.

அட்டையில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி போட்டிருந்தால் அது கடைக்காரர் சரக்கு வந்த நாளைக் குறித்தது. சிறிதாக இருந்தால் கிரேடு அதிகம் பாதிக்கப்படாது.

கைவைத்த பிரதிகள்

மலிவான விலையில் அழகான அட்டை கிடைத்தால் மூன்று வேலைகளில் ஏதோ ஒன்று நடந்திருக்கும்: நிறம் பூசுதல், ஓரம் வெட்டுதல், தாள்துண்டு ஒட்டுதல்.

நிறம் பூசுவது முதுகில்தான் அதிகம். மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரியும் இடத்தில் அதே நிற மார்க்கரைத் தடவுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். அட்டையைக் கால்வாசி திறந்து உட்புறத்தைப் பாருங்கள்: மார்க்கர் மை தாளின் நாருக்குள் ஊறி, மறுபக்கத்தில் புள்ளிகளாகக் கசிந்திருக்கும். அச்சு மை அப்படிக் கசியாது. மேலும் அச்சு நிறம் உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். பூசிய நிறம் ஒரே திட்டாக இருக்கும். இருட்டறையில் புற ஊதா டார்ச் பிடித்தால் இன்னும் தெளிவு. 365 நானோமீட்டர் என்று குறிப்பிட்ட டார்ச்சை வாங்குங்கள். 395 வகை மலிவு, ஆனால் ஊதா வெளிச்சமே மேலோங்கிக் கண்ணைக் குழப்பும். பூசிய இடம், ஒட்டிய தாள், பசை ஆகியவை சுற்றியுள்ள அட்டையிலிருந்து வேறுபட்டுக் கறுப்பாகவோ நீலமாகவோ எடுத்துக்காட்டும்.

ஓரம் வெட்டுவதற்குத் தூண்டுதலே மேலே சொன்ன சிப்பிங்தான். குழிவிழுந்த வலது ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் சீவினால் கண்ணுக்கு நேராகிவிடும். கிரேடிங் நிறுவனம் அதைக் கண்டுபிடித்தால் மதிப்பு பாதிக்குமேல் போகலாம். அந்தக் காலத்து மார்வெல் இதழ் ஏறக்குறைய 181 மில்லிமீட்டர் அகலம், 260 உயரம். ஆனால் பிரதிக்குப் பிரதி ஏற்ற இறக்கம் உண்டு, ஆகவே அளவுகோலை மட்டும் நம்பக் கூடாது. வெட்டுமுகத்தின் நிறத்தைப் பாருங்கள். அறுபது ஆண்டு காற்றுப்பட்ட தாளின் ஓரம் உள்பகுதியைவிடப் பழுப்பாக இருக்கும். அண்மையில் வெட்டிய ஓரம் வெளிறி, உள்பகுதியின் நிறத்திலேயே இருக்கும். அட்டையும் எல்லா உள்தாள்களும் ஒரே கோட்டில், கத்திபோல் நேராக முடிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வெப்பமும் எடையும் கொடுத்து அமுக்கிச் சுருக்கம் நீக்கும் 'பிரஸ்ஸிங்' இதில் சேராது. சிஜிசி என்ற கிரேடிங் நிறுவனம் அதைப் பழுதுபார்ப்பாகக் கணக்கிடுவதில்லை.

சிஜிசி கூட்டில் வரும் பிரதி

2000இல் அமெரிக்காவில் தொடங்கிய சிஜிசி, இதழைச் சோதித்துக் கிரேடு கொடுத்துத் தெளிவான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகிறது. புதியவருக்கு இதுவே பாதுகாப்பு. லேபிளின் நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நீலம்: சாதாரணப் பிரதி. ஊதா: பழுதுபார்க்கப்பட்டது. பச்சை: ஏதோ ஒரு பெரிய குறையைத் தனியே குறிப்பிட்டு, அதை ஒதுக்கிவிட்டுக் கொடுத்த கிரேடு. மஞ்சள்: நிறுவனச் சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது. பச்சை லேபிளில் பெரிதாக 7.0 என்று இருந்தால் மகிழ்ந்துவிடாமல் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறையைப் படியுங்கள். பெரும்பாலும் கூப்பனோ ஒரு தாளோ இருக்காது.

லேபிளிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டுத் தலைப்பு, கிரேடு, தாள் நிறம் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அத்தோடு நிற்க வேண்டாம். கூட்டைத் திறந்து உள்ளே தாழ்ந்த பிரதியை மாற்றிவைத்த மோசடிகள் நடந்திருக்கின்றன. தளத்தில் படம் இருந்தால் மடிப்புக் கோடுகளும் கறைகளும் உங்கள் பிரதியோடு ஒவ்வொன்றாகப் பொருந்துகிறதா ஒப்பிடுங்கள். கூட்டின் ஓரங்களில் கீறல், வெண்மை, பசைத் தடம் இருந்தால் விலகிவிடுங்கள்.

கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஜாக் கிர்பி 1994இல் காலமானார். சிஜிசி தொடங்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. ஆகவே கிர்பி கையெழுத்துக்கு மஞ்சள் லேபிள் இருக்கவே முடியாது. அப்படி ஒன்றை யாராவது காட்டினால் அது பொய். ஸ்டான் லீ 2018இல் காலமாகும்வரை ஏராளமாகக் கையெழுத்திட்டார், அவருடையது மஞ்சள் லேபிளில் கிடைக்கும்.

விலை பார்த்தல்

விற்பனைக்கு வைத்திருக்கும் விலை எவராலும் எழுதக்கூடியது. விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும். ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் பழைய ஏலப் பதிவுகளிலும் ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டியும் பார்க்கலாம். நீங்கள் தேடும் கிரேடில், கடந்த 12 மாதத்தில் விற்ற ஐந்து பிரதிகளை எழுதி வையுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் அடித்துவிட்டு மிச்சம் மூன்றின் சராசரியை எடுங்கள். ஊதா, பச்சை லேபிள் விற்பனைகளை இதில் கலக்க வேண்டாம். கேப்டன் அமெரிக்கா திரைப்படத்தில் வரும் செய்தி அடிபட்ட வாரங்களில் விலை வீங்கும், பொறுங்கள். ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு 1970 முதல் வருகிறது, பதிப்பு விவரங்களுக்கு நல்லது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அச்சாவதால் சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பெட்டியில் மட்டையை இருபுறமும் வைத்துக் கட்டி அனுப்புவாரா, காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கச் செலவையும் முன்பே விசாரித்துக் கணக்கில் சேருங்கள்.

உறையிலிருந்து எடுப்பது

எத்தனையோ பிரதிகள் அறுபது ஆண்டு தப்பித்துவந்து, வாங்கியவர் வீட்டு மேசையில் கெட்டுப்போகின்றன. காரணம் உறையின் மடலில் இருக்கும் செலோடேப். மடலைத் திறந்து இதழை மேலே இழுக்கும்போது, டேப்பின் பசைப்பக்கம் பின் அட்டையில் பட்டுப் பற்றிக்கொள்ளும். இழுத்த வேகத்தில் அட்டையின் மேல் அடுக்கு மையோடு உரிந்து டேப்பில் வந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஆகவே கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், ஓரத்துணுக்குகள் அதன் நூலில் மாட்டும். உறையைக் கவிழ்த்து வைத்து, டேப்பை முழுக்கப் பிரித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். உறையிலேயே மடித்துவிடுவது போதாது. பிறகு பின்னாலிருக்கும் மட்டையை இதழோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக வெளியே நகர்த்துங்கள். இதழை மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது. திரும்ப வைக்கும்போதும் மட்டைமேல் இதழைப் படுக்கவைத்து மட்டையைத் தள்ளுங்கள். வலது ஓரம் உறையின் பக்கச்சுவரில் உரசாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

வைத்துக் காப்பது

பிவிசி உறை கூடவே கூடாது, அதிலிருந்து கசியும் பொருள் அட்டையில் ஒட்டும். பாலிபுரொப்பிலீன் சில ஆண்டுக்குத் தாங்கும்; நெளிந்தாலோ மங்கினாலோ மாற்ற வேண்டும். இந்த விலை கொடுத்த இதழுக்கு மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறைதான் முறை: சில்வர் ஏஜ் அளவு, 2 மில் அல்லது 4 மில் தடிமன் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குள் அமிலம் நீக்கி, கால்சியம் கார்பனேட் சேர்த்த மட்டை. ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் சாதா அட்டை அல்ல. பெட்டியில் நிமிர்த்தி, சாயாதபடி நெருக்கமாக, ஆனால் அமுங்காமல் வையுங்கள்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், வெப்பம் 21 டிகிரிக்குள் என்பது நூலகங்களின் இலக்கு. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம்போன்ற கடலோர ஊர்களில் 70 சதவீதம் தாண்டுவது சாதாரணம். அங்கே முதலில் கெடுவது பின். துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஒரு சிறிய ஈரப்பதமானியும், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும், நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஜெல்லை அளவுக்குமீறிக் கொட்ட வேண்டாம், ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே போனால் தாள் வறண்டு முறுகும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம், இங்கே கூடாது. அந்த வாடை தாளில் ஏறினால் போகாது, அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கும். மர அலமாரியைவிட இரும்பு பீரோ நல்லது, ஆனால் மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசையிருந்தால், அதற்கு மைல்ஸ்டோன் மறுபதிப்பு ஒன்றை வாங்கி மாட்டுங்கள். வெயில் நேராகப் படாத சுவரில்கூட அசல் அட்டையின் சிவப்பு சில ஆண்டில் வெளிறத் தொடங்கிவிடும்.